முகம் மாறிய கடிகாரங்கள்

மேசைமேல் இரண்டு கைக்கடிகாரங்கள். இரண்டுமே எச்.எம்.டி. ஜனதா. இரண்டுமே காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலைவரை ஓடக்கூடியவை. ஒன்றின் டயல் கிளிப்பச்சை. எழுத்துகள் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. நேற்றுதான் பெட்டியைப் பிரித்தது போன்ற பளபளப்பு. மற்றதும் ஒரு காலத்தில் வெள்ளையாகத்தான் இருந்திருக்கும். இப்போது பீரோவில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகையின் நிறத்துக்கு வந்துவிட்டது. நாலு மணிக் கோட்டுக்குப் பக்கத்தில், மழையோ வியர்வையோ புகுந்த பழுப்புக் கறை.

வாட்ச் வாங்க வருகிறவரின் கை முதலில் பச்சைக்குத்தான் போகும். பழைய கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்பவர் பச்சையைத் தொடக்கூட மாட்டார். கறை படிந்ததைத்தான் எடுத்து விளக்கருகில் பிடித்துப் பார்ப்பார்.

காரணம் எளிது. இந்தப் பச்சை டயல் தொழிற்சாலையில் பிறந்ததில்லை. ஏதோ ஒரு பட்டறையில் பழைய வெள்ளை டயலைச் சுரண்டி, வண்ணம் தெளித்து, அதன்மேல் நிறுவனத்தின் பெயரையும் 'ஜனதா' என்ற பெயரையும் புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். தொழிலில் இதற்கு 'ரீடயல்' என்று பெயர். உள்ளே இயந்திரம் பழையது, கேஸ் பழையது, முகம் மட்டும் புதியது. அப்படியானால் அது அசல் ஜனதாவா, இல்லையா? உலகெங்கும் பழைய கடிகாரச் சந்தையில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

ரீடயல் என்றதும் மோசடி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அது பிறந்தது நல்ல நோக்கத்தில். எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது 1961-இல். அதற்கு முன்னும் பின்னும் இந்தியாவில் ஒரு கைக்கடிகாரம் என்பது வாழ்நாள் சொத்து. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்டது, முதல் சம்பளத்தில் வாங்கியது, ஓய்வுபெறும் நாளில் அலுவலகம் கொடுத்தது. இருபது முப்பது வருடம் ஒரே கையில் கிடக்கும். அந்தக் காலத்து கேஸ்களில் பெரும்பாலானவை தண்ணீர் புகாதவை என்று சொல்லிக்கொள்ள முடியாதவை. நம் ஊர் வெயிலும் வியர்வையும் புழுக்கமும் கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கும். டயலின் மேலிருக்கும் மெல்லிய லாக்கர் பூச்சு வெடிக்கும், உரியும், கறுக்கும். எழுத்தே தெரியாமல் போனபின் மணி பார்ப்பது எப்படி? ரிப்பேர்க்காரர் டயலைக் கழற்றி, அந்த வேலை தெரிந்தவரிடம் அனுப்பிப் புதுப்பித்து வாங்கிப் பொருத்துவார். செருப்புக்கு அடிப்பாகம் மாற்றுவது போல, ஓடும் பொருளை ஓட வைக்கும் வேலை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே வழக்கம் இருந்தது. சர்வீசுக்கு வரும் நல்ல வாட்ச்சின் டயலை, வாடிக்கையாளர் கேட்காமலே புதுப்பித்துக் கொடுத்த கடைகள் உண்டு. அன்று அது மரியாதை.

நிலைமை மாறியது பின்னால்தான். பேட்டரி வாட்ச் வந்து, சாவி கொடுக்கும் கடிகாரங்கள் மேசை இழுப்பறைக்குள் போயின. அவை திரும்ப வெளியே வந்தபோது மணி பார்க்கும் கருவிகளாக வரவில்லை; சேகரிக்கும் பொருள்களாக வந்தன. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு 2016-இல் ஒப்புதல் கொடுத்ததும், வேண்டாமென்று ஒதுக்கிய ஜனதா, பைலட் மாடல்களை ஆட்கள் மும்முரமாகத் தேடினார்கள். அதற்கு முன்பிருந்தே மும்பையை மையமாகக் கொண்டு ஒரு பெரிய தொழில் வளர்ந்திருந்தது. ஓடாத எச்.எம்.டி., ஃபேவர் லூபா, கேமி, சீகோ கடிகாரங்களை மொத்தமாக வாங்கி, இரண்டு மூன்றைப் பிரித்து ஒன்றாகக் கோத்து, ஆரஞ்சும் ஊதாவுமாக டயல் அடித்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பாராட்டிச் சொன்ன பெயரில்லை அது.

இந்த வேலையை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தால், அதில் எவ்வளவு கைத்திறன் இருக்கிறது, எந்த இடத்தில் இழப்பு நேர்கிறது என்ற இரண்டுமே விளங்கும். முதலில் முட்களை மெல்ல நெம்பி எடுப்பார்கள். இயந்திரத்தின் விளிம்பில் இருக்கும் இரண்டு குட்டித் திருகுகளைத் தளர்த்தினால் டயல் கையோடு வந்துவிடும். அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத பித்தளைத் தகடு. முதுகில் கம்பிபோல இரண்டு கால்கள். மணிக் கோடுகள் தனித் துண்டுகளாகப் பதித்தவை என்றால், பின்னாலிருந்து தட்டி ஒவ்வொன்றாகக் கழற்றி வைப்பார்கள். அடுத்து ரசாயனம். பழைய லாக்கர் கரையும். அதோடு அச்சும் கரையும். நாற்பது ஐம்பது வருடம் அங்கே இருந்த பெயர், நிமிடக் கோடுகள், ஆறு மணிக்குக் கீழே எறும்பைவிடச் சின்னதாக எழுதியிருந்த நாட்டின் பெயர் எல்லாம் ஒரு துடைப்பில் பஞ்சுக்கு வந்துவிடும். வெறும் பித்தளை மிஞ்சும். அதைத் தேய்த்து, வெள்ளிப் பூச்சோ வண்ணமோ ஏற்றி, காயவைத்து, அதன்மேல் அச்சடிப்பார்கள்.

அச்சடிக்கும் முறை அழகானது. எஃகுத் தகட்டில் எழுத்துகளை மிக லேசான பள்ளமாகக் குடைந்திருப்பார்கள். அதில் மையைப் பூசி, மேலாக வழித்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். இட்லிபோல உப்பிய சிலிகான் உருண்டை ஒன்று அதன்மேல் அமுங்கி மையை எடுத்துக்கொண்டு போய், டயல்மேல் மறுபடி அமுங்கும். சுவிஸ் தொழிற்சாலைகளும் இதே வழியில்தான் அச்சடித்தன. அந்த நாளில் சிலிகானுக்குப் பதில் ஜெலட்டின் உருண்டை. முறை ஒன்றே என்றால் வித்தியாசம் எங்கே வருகிறது? அந்த எஃகுத் தகட்டில் வருகிறது. ஒவ்வொரு மாடலுக்கும் தொழிற்சாலை வைத்திருந்த அசல் தகடு பட்டறைக்காரரிடம் கிடையாது. அவர் படத்தைப் பார்த்தோ, கையில் இருக்கும் வேறொரு மாடலின் தகட்டை வைத்தோ ஒப்பேற்றுகிறார். எழுத்தின் ஒரு கால் தடித்துவிடும். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி மயிரிழை கூடிவிடும். நிமிடக் கோடு, பதித்த மணிக் கோட்டின் நடுவுக்கு நேராக வராமல் ஓரமாக நழுவிவிடும்.

ரிப்பேர்க்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் ஐகிளாஸ் ஒன்று இருந்தால் இதையெல்லாம் யாரும் பார்க்கலாம். பத்து மடங்கு பெருக்கினால் போதும். முதலில் நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். மையின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல இருக்கிறதா, கசிந்திருக்கிறதா? ஆறு மணிக்குக் கீழே போங்கள். சுவிஸ் வாட்ச் என்றால் அங்கே பெரும்பாலும் நாட்டின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும், ரீடயல் செய்பவர்கள் அதை விட்டுவிடுவது வழக்கம். டயல் புத்தம்புதிதாகவும் கேஸ் தேய்ந்து போயும் இருந்தால் அங்கேயே சந்தேகம் எழ வேண்டும். அறுபது வயதுக்காரரின் உடம்பில் இருபது வயது முகம் பொருந்தாது.

1950-களில் வந்த கறுப்பு டயல்களில் தங்க நிற எழுத்துள்ளவை தனி ரகம். சேகரிப்பாளர்கள் 'கில்ட்' என்று கொண்டாடும் இவற்றில் தங்க மை என்று எதுவுமே கிடையாது. பித்தளைத் தகட்டில் எழுத்துகளை முதலில் நிறமற்ற லாக்கரால் அச்சடித்து மறைத்துவிடுவார்கள். பிறகு மின்முலாம் முறையில் தகடு முழுவதும் கறுப்பு ஏற்றுவார்கள். கடைசியில் அந்த லாக்கரைக் கழுவி எடுத்தால், மறைந்திருந்த இடங்களில் பித்தளை எட்டிப் பார்க்கும். எழுத்து என்பது அங்கே கறுப்புக்குக் கீழே தெரியும் உலோகம்தான். புதுப்பிப்பவர் என்ன செய்கிறார்? கறுப்பு அடித்து அதன்மேல் தங்க மையால் எழுதுகிறார். வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே மினுங்கும். ஐகிளாஸில் பார்த்தால் ஒன்று பள்ளம், ஒன்று மேடு.

பாடேக் ஃபிலிப்பின் பழைய டயல்கள் இன்னும் நுட்பமானவை. பெயரைத் தகட்டில் குடைந்து, அந்தப் பள்ளத்தில் எனாமல் பொடியை நிரப்பிச் சூளையில் சுட்டிருப்பார்கள். அதனால் டயல் அழுக்கானால் எழுத்துக்குச் சேதமில்லாமல் கழுவ முடியும் என்பது ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஜெனீவா என்ற ஊர்ப் பெயரைப் பிரெஞ்சில் எழுதும்போது நான்காவது எழுத்தின் தலையில் ஒரு சின்னச் சாய்கோடு வரும். பலமுறை கழுவிய டயலில் முதலில் காணாமல் போவது அதுதான். ஏலத்துக்கு வரும் பாடேக்கைப் பார்க்கிறவர்கள் அந்த ஒரு கோட்டைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். பணத்தைப் பார்த்தால் புரியும். ரோலெக்ஸ் டேடோனாவில் 6239 என்ற எண்ணுள்ள மாடல் இரண்டு வகை டயலோடு வந்தது. ஒன்று சாதாரணம். மற்றொன்று சற்று வித்தியாசமானது. உள்வட்டங்களில் எண்கள் வேறு பாணியில், கோடுகளின் நுனியில் குட்டிக் குட்டிச் சதுரங்கள். விற்ற காலத்தில் அந்த இரண்டாவதை வாங்க ஆளில்லை. ஹாலிவுட் நடிகர் பால் நியூமனுக்கு அவர் மனைவி ஜோன் வுட்வர்ட் வாங்கிக் கொடுத்தது அப்படிப்பட்ட ஒன்று. கார் பந்தயப் பிரியரான கணவருக்கு, பார்த்து ஓட்டச் சொல்லிப் பின்மூடியில் பொறித்துக் கொடுத்தார். 2017 அக்டோபர் 26 அன்று நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் அது 1 கோடியே 77 லட்சத்து 52 ஆயிரத்து 500 டாலருக்குப் போனது. நியூமன் அணிந்தது என்பதற்காகத்தான் அந்த விலை. ஆனால் பிரபலம் யாரும் அணியாத, அதே டயலுள்ள மற்ற 6239-களும் சாதாரண டயல் உள்ளவற்றைவிடப் பல மடங்கு விலை போகின்றன. இயந்திரமும் கேஸும் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க அந்தத் தகட்டில். அப்படியிருக்கும்போது போலி டயல் செய்ய ஆள் கிளம்பாமல் இருப்பார்களா?

வயதுக்கும் விலை உண்டு. சில பழைய கறுப்பு டயல்கள் வெயில் பட்டுப் பட்டு டிகிரி காப்பி நிறத்துக்கு வெளுத்துவிட்டன. பூச்சில் இருந்த குறைதான் காரணம். இன்று அவற்றை 'டிராபிக்கல்' என்று அழைத்துப் போட்டி போட்டு வாங்குகிறார்கள். அதனால் நல்ல கறுப்பு டயலை அடுப்பில் வைத்து வாட்டி, வயதை வரவழைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் எல்லோரையும் உலுக்கியது ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் விவகாரம். 1957-ஆம் ஆண்டின் முதல் வரிசை ஸ்பீட்மாஸ்டர் ஒன்று, பழுப்பேறிய டயலோடு, 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்துக்கு வந்தது. மதிப்பீட்டையெல்லாம் தாண்டி 31 லட்சத்து 15 ஆயிரத்து 500 சுவிஸ் பிராங்குக்குப் போனது. வாங்கியது ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-இல் அதே ஒமேகா, அந்தக் கடிகாரம் வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களை எடுத்துக் கோத்தது என்றும், அதில் தன் முன்னாள் ஊழியர்களுக்குப் பங்கு இருந்தது என்றும் அறிவித்தது. பாகங்களில் பெரும்பாலானவை உண்மையான ஒமேகா பாகங்கள். அவற்றைத் தனித்தனியாக எடுத்துச் சோதித்தால் தேறிவிடும். சேர்த்து வைத்ததுதான் பொய்.

இங்கேதான் 'ஒரிஜினல்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல் இரண்டாகப் பிளக்கிறது. ஸ்கூட்டருக்கு 'ஒரிஜினல் பார்ட்' கேட்கும்போது, கம்பெனி செய்த பாகம் வேண்டும் என்கிறோம். பழைய கடிகாரக்காரர் கேட்பது அதையல்ல. இந்த டயல் இந்தக் கடிகாரத்தோடு பிறந்ததா என்று கேட்கிறார். இரண்டும் வேறு வேறு கேள்விகள். 1970-களின் சிவப்பு எழுத்து ரோலெக்ஸ் சப்மரீனரை அதிகாரபூர்வ சர்வீசுக்குக் கொடுத்து, வெள்ளை எழுத்துள்ள புது டயலோடு திரும்ப வாங்கியவர்கள் இருக்கிறார்கள். புது டயல் கம்பெனி செய்தது, கம்பெனியே பொருத்தியது. முதல் கேள்விக்குப் பதில் 'ஆம்'. இரண்டாவதுக்கு 'இல்லை'. சிவப்பு எழுத்துக்குச் சந்தை கொடுக்கும் மதிப்பு அந்த ஒரு சர்வீசில் போய்விட்டது.

நம் பக்கத்து உதாரணம் ஒன்றும் உண்டு. சென்னை அண்ணா சாலையின் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற பழைய கடைகள், சுவிட்சர்லாந்திலிருந்து வரவழைத்த கடிகாரங்களில் தங்கள் கடைப் பெயரையே டயலில் போட்டு விற்றன. அந்தக் கடிகாரம் மெட்ராஸில் விற்றது என்பதற்கு அந்த ஒரு வரி அச்சைத் தவிர வேறு சாட்சி இருக்காது. ரீடயல் பட்டறையில் அதைத் துடைத்துவிட்டு ஏதோ ஒரு பிரபலப் பெயரை அடித்துவிட்டால், ஊரின் சரித்திரத்திலிருந்தே ஒரு வரி போகிறது. எவ்வளவு விலை குறைந்தது என்பதைவிட இதுதான் வயிற்றெரிச்சல்.

தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்பாதைச் சுவர்களில் சோழர் ஓவியங்களின் மேலேயே நாயக்கர் காலத்தில் சாந்து பூசிப் புதிதாக வரைந்தார்கள். அதுவும் ஒருவகையில் புதுப்பித்தல்தான். 1931-இல் வரலாற்றாசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி உள்ளே சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டார். பின்னாளில் தொல்லியல் துறை மேலடுக்கைச் சேதமில்லாமல் உரித்தெடுத்து, நாயக்கர் ஓவியங்களைத் தனியே காட்சிக்கு வைத்தது. இரண்டும் இன்று நம்மிடம் இருக்கின்றன. காரணம், நாயக்கர் கால ஓவியர்கள் பழையதைச் சுரண்டி எறியாமல் அதன்மேல் பூசினார்கள். டயலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பித்தளை தெரியும்வரை துடைத்தபிறகுதான் புதுப் பூச்சு ஏறுகிறது. உரித்துப் பார்த்தால் அடியில் ஒன்றுமே இருக்காது.

சுரண்டுவதில் உடம்புக்கும் ஆபத்து உண்டு. நம் ஊரில் இருட்டில் மினுங்கும் எதற்கும் 'ரேடியம்' என்றே பெயர். வண்டிக்கு ஒட்டுவதுகூட 'ரேடியம் ஸ்டிக்கர்'தான். அதிலெல்லாம் ரேடியம் கிடையாது. 1960-களுக்கு முந்தைய ஒளிரும் டயல்களில் நிஜமாகவே இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து அமெரிக்காவின் நியூஜெர்சித் தொழிற்சாலையில் இளம்பெண்கள் ரேடியக் கலவையைத் தூரிகையால் தொட்டு எண்களில் பூசினார்கள். தூரிகை நுனி கூராக இருக்க அதை உதட்டில் வைத்து ஒற்றிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தாடை எலும்பு அழுகிப் பலர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் தொடர்ந்த வழக்கு 1928-இல் இழப்பீட்டோடு முடிந்தது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. கூடக் கலந்த துத்தநாக சல்பைடு களைத்துப் போனதால் அந்த டயல்கள் இன்று ஒளிர்வதில்லை. கதிர்வீச்சு மட்டும் குறையாமல் இருக்கிறது. முகமூடிகூட இல்லாமல் அதைக் கத்தியால் சுரண்டுகிறவர் அந்தத் தூசியைத்தான் மூச்சில் இழுக்கிறார். பழைய ஒளிரும் டயலை வீட்டில் திறந்து நோண்டவே வேண்டாம்.

ரேடியத்துக்குப் பின் வந்தது டிரிட்டியம். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுதான், அறுபது வருடத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே 1960-களின் டயல் ஒன்று விளக்கை அணைத்த பிறகும் பச்சையாக நெடுநேரம் ஜொலித்தால், அந்தப் பூச்சு அண்மையில் ஏறியது என்று பொருள். அந்த ஜொலிப்பைக் காட்டித்தான் பல கடைகளில் விற்கிறார்கள்.

சரி, அப்பாவின் வாட்ச் டயல் கறுத்து, மணியே தெரியாமல் கிடக்கிறது. மகள் அதைக் கையில் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். அவள் புதுப்பிக்கக் கூடாதா? தாராளமாகச் செய்யலாம். விற்கப் போவதில்லை, யாரையும் ஏமாற்றப் போவதுமில்லை. ஆனால் வேலையைக் கொடுக்கும் முன் ஒன்றிரண்டைச் செய்துகொள்வது நல்லது. டயலைக் கழற்றியதும் முன்னும் பின்னும் தெளிவாகப் படம் எடுத்து வைக்க வேண்டும். அதே மாடலுக்கு வேறொரு டயல் கிடைத்தால் அதைப் பொருத்திக்கொண்டு, பழையதைத் துடைக்காமல் ஒரு காகித உறையில் போட்டு வைக்கலாம்; நாளைக்கு மனம் மாறினால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். மணி தெரிகிற அளவு டயல் நன்றாக இருந்தால் தொடவே வேண்டாம். எண்ணெய் போட்டு, கண்ணாடியை மட்டும் மாற்றினாலே பாதிப் பழுப்பு போய்விடும். பல நேரம் மங்கியிருப்பது டயல் அல்ல, கீறல் விழுந்த பிளாஸ்டிக் கண்ணாடி. 'டயல் கொஞ்சம் மங்கலா இருக்கு சார், பளிச்சுனு பண்ணித் தர்றேன்' என்று கடைக்காரர் அன்போடுதான் சொல்வார். 'வேண்டாம்ணே, டயல்ல மட்டும் கை வைக்காதீங்க' என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

விற்பவருக்கு வேறு கடமை இருக்கிறது. பச்சை ஜனதாவைப் பச்சை ஜனதா என்று சொல்லியே விற்கலாம். 'டயல் புதிது' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் அதை விரும்பி வாங்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சொல்லாமல் விடுவதால்தான் மும்பைப் பட்டறைகளின் உண்மையான கைத்திறனுக்கும் சேர்த்துக் கெட்ட பெயர். வாய்ச்சொல் கைமாறக் கைமாற மறைந்துவிடும் என்பதும் உண்மைதான். அதற்கும் தொழிலிலேயே வழி இருக்கிறது. பழைய ரிப்பேர்க்காரர்கள் சர்வீஸ் முடித்ததும் பின்மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் தங்கள் குறியையும் தேதியையும் கீறிவைப்பார்கள்; மூடியைக் கழற்றி விளக்கில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். டயலுக்கும் முதுகு உண்டு. புதுப்பித்தவர் எந்த வருடம், என்ன வேலை என்று அங்கே இரண்டு வரி கீறிவைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

மேசைமேலிருந்த அந்தப் பழுப்பு ஜனதாவின் பின்மூடிக்குள் அப்படி மூன்று கீறல்கள் இருக்கின்றன. இரண்டு வெறும் எண்கள். மூன்றாவது, யாரோ ஒரு ரிப்பேர்க்காரரின் இனிஷியலும் '7-84' என்ற தேதியும். டயலைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. அதில் அவர் கை வைக்கவே இல்லை.